டீசலுக்கு மூச்சு வாங்கிய நாள்

அம்மணி,

புதன்கிழமை போனில் டீசல் செத்துப்போய்விட்டான் என்று சொன்னேன். நீ "சரிங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். போர் போடுகிற ரிக் வண்டியில் கம்ப்ரசர் உடைந்தால் முதலாளிக்கு எப்படிச் சொல்வேனோ அப்படித்தான் உனக்கும் சொன்னேன், என்ன போச்சு, எப்போது போச்சு என்று. ஏன் போச்சு என்பதைச் சொல்லவில்லை. அது உனக்குத் தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் அதில் உன் சங்கதியும் இருக்கிறது. நேரில் உட்கார்ந்து சொன்னால் பாதியில் எனக்கு எரிச்சல் வந்து எழுந்து போய்விடுவேன். என்னை உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். சுற்றி வளைத்து எழுதத் தெரியாது, இதமாகச் சொல்லவும் தெரியாது, பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படி.

அவன் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஒன்பதாவது படித்தாய். திருச்செங்கோட்டில் நான் வண்டிகளைப் பழுது பார்க்கிற யார்டில் டீசல் டிரம்முக்கு அடியில், சிந்திக் கிடந்த எண்ணெயில் புரண்டுகொண்டிருந்த நாய்க்குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். உங்கம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க, நாயைக் கொண்டாந்தீங்ளா, டேங்கைக் கொண்டாந்தீங்ளா?" என்று கேட்டாள். நீ அரப்புத் தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியும் வாசம் போகவில்லை. பேர் அப்படித்தான் வந்தது. நம் காட்டில் செம்மறி மேய்கிறது, ஊருக்கு வெளியே கோழிக் கழிவு கொட்டுகிற இடத்தில் தின்று கொழுத்த தெருநாய்கள் கூட்டம் கூட்டமாக வந்து பட்டியில் விழுகின்றன, காவலுக்கு ஒரு நாய் வேண்டும், இதுதான் என் கணக்கு. குட்டிக்கு ஐந்தாறு மாதம் ஆனதுமே கழுத்தில் கயிற்றைக் கட்டி டி.வி.எஸ். வண்டிக்குப் பின்னால் ஓட்டிப் பழக்கலாம் என்று கிளம்பினேன். நீ வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாய்.

"எலும்பு முத்தாத குட்டியை ஓட்டுனா காலு கோணிப் போயிருங்கப்பா. எங்க பி.டி. மிஸ் எங்களையே ரொம்ப ஓட உட மாட்டாங்க."

"நாய்க்கு எதுக்கு பி.டி. மிஸ்ஸு? அக்கட்ட போ."

"போக மாட்டேன். என்மேல ஏத்திட்டுப் போங்க."

அன்றைக்கு வண்டியை ஆஃப் செய்தது நான்தான். ஒன்றரை வயது ஆகிற வரைக்கும் அவனை நீ ஓட விடவில்லை. காட்டில் அவனாக விளையாடலாம், அவனாகப் படுக்கலாம், அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாயைத் தயார் செய்ய இத்தனை நாளா, இதற்குள் நான் ஒரு பழைய லாரியை உடைத்துப் புதிதாகவே கட்டியிருப்பேன் என்று தினமும் சொல்லிக் காட்டினேன்.

அதற்கப்புறம் நீ செய்ததெல்லாம் என் மெக்கானிக் படிப்புக்கு நேர் எதிராக இருந்தது. விடியலில் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போய் முதலில் வெறும் நடைதான் நடந்தாய். நடை நன்றாகப் பழகிய பிறகுதான் மெதுவான தொங்கோட்டம். மண் தடத்தில் பாதம் காய்த்துப்போன பிறகுதான் சரளைப் பக்கம் விட்டாய், தார் ரோட்டுப் பக்கம் விடவே இல்லை. வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கும் மூச்சும்தான் அதற்கு ரேடியேட்டர் என்று எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னாய். ஓடுவதற்கு முன்னால் சோறு வைத்தால் வயிறு முறுக்கிக்கொள்ளும் என்று, வந்து மூச்சு அடங்கிய பிறகுதான் தட்டை வைத்தாய். பழைய சோறு மட்டும் தின்றால் நெடுந்தூரம் ஓட முடியாது, நாய் உடம்பு கொழுப்பை எரித்துத்தான் ஓடும் என்று, கோழிப்பண்ணையில் உடைந்த முட்டை வாங்கி வந்து வேகவைத்துக் கொடுத்தாய். "எம் புருசனுக்கு ஒத்த முட்டை, நாய்க்கு மூணா?" என்று உங்கம்மா கேட்டதற்கு, "அப்பா ஏரியைச் சுத்தி ஓடட்டும், அவருக்கும் மூணு போடறேன்" என்றாய்.

அவன் பின்னந்தொடையின் உட்பக்கத்தில் விரலை வைத்து நாடி பார்ப்பாய். முதலில் படுத்திருக்கும்போதே படபடவென்று அடித்தது, மாதங்கள் போகப் போக நிதானமாக, அழுத்தமாக அடிக்க ஆரம்பித்தது. என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினாய். இருதயம் பெரிதாகி, ஒரே அடியில் நிறைய ரத்தத்தைத் தள்ளுகிறது, அதனால் அடிக்கடி அடிக்க வேண்டியதில்லை என்றாய். ஆர்.பி.எம். என்கிற சுற்று குறைந்து, டார்க் என்கிற இழுவை ஏறுகிறது என்று நான் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். அது வரைக்கும் சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு என்று சொன்னாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஓடும்போது சதை நுணுக்கமாக் கிழியுதுங்கப்பா. சும்மா படுத்திருக்கும்போதுதான் முன்னைவிடப் பலமா ஒட்டும்" என்றாய். நான் சிரித்தேன். நிறுத்தி வைத்தால் தானாகப் பலமாகிற இயந்திரம் எதையும் நான் பார்த்ததில்லை. ஓடுவது எதுவும் தேயும், ஓடாமல் மூடி வைத்தால் அப்படியே இருக்கும், இதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். உன்னிடம் வாயால் ஒத்துக்கொண்டேன், மனதால் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

அவன் வேலை செய்ததை நீ என்னைவிட அதிகம் பார்த்தவள். அவன் சண்டைக்காரன் இல்லை. தெருநாய்கள் வந்தால் கடிக்கப் போக மாட்டான். ஆட்டுக்கும் அவற்றுக்கும் நடுவில் புகுந்து, ஆட்டை ஒரே குவியலாகச் சேர்த்து, அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருப்பான். எந்தப் பக்கம் ஒரு நாய் எட்டு வைத்தாலும் அந்தப் பக்கம் இவன் நிற்பான். நாங்கள் தடியோடு போய்ச் சேருகிற வரைக்கும் நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான் வேலை. வந்தவை நாலைந்தாக இருக்கும், இவன் ஒருவன். அவற்றுக்கு மூச்சு முட்டிப் போய்விடும், இவனுக்கு முட்டாது. நம் காட்டில் ஒரு குட்டி போகவில்லை என்றால் அது அவன் பல்லால் இல்லை, அவன் மூச்சால். அந்த மூச்சை அவனுக்குக் கட்டிக் கொடுத்தவள் நீ. அவனோடு ஓடி ஓடி நீயும் கட்டிக்கொண்டாய். காலேஜில் ஐயாயிரம் மீட்டரில் உனக்கு முன்னால் யாரும் இல்லாமல் நீ வந்த அன்று, கேலரியில் பக்கத்தில் இருந்தவர், "யாருங்க கோச்சு?" என்று கேட்டார். "ஒரு நாய்ங்க" என்றேன். அவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தை மாதம் உன் கல்யாணம் முடிவானது. மாப்ளை ஊர்க்காரர் ஒருவர் என்னை உன் அண்ணன் என்று நினைத்துக் கையைக் குலுக்கினார். நாற்பத்திரண்டு வயதில் மாமனார் ஆனவனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பத்திரிகை வைத்துக்கொண்டிருந்த அந்த வாரம் நீ வந்து கேட்டாய். "ஓடறதை என்னங்கப்பா பண்றது?" நான் டிஃபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மழைக்கு வண்டியை யார்டுல நிறுத்தறோம். தார்ப்பாய் போட்டு மூடறோம். சீசனுக்கு எடுத்தா ஒரே செல்ஃபுல ஸ்டார்ட் ஆகுது. ஆறு மாசம் நிறுத்து சாமி. புது ஊடு, புது மனுசங்க, முதல்ல அதைப் பாரு. ஓட்டம் எங்க போயிரும், அப்படியேதான் இருக்கும்." சரி என்று போய்விட்டாய். ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாய்க்குட்டிக்காக வண்டிக்கு முன்னால் வந்து நின்றவள், உனக்காக அன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. பிள்ளை பக்குவப்பட்டுவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

நீ போன பிறகு டீசல் தானாகவே விடியலில் ஏரிக்கரைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். ரோட்டைக் கடந்துதான் போக வேண்டும். பால் வண்டிக்காரர் ஒரு நாள் அவன்மேல் மோதாமல் இருக்க பிரேக் அடித்துக் கேனோடு விழுந்தார். வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார், போடத்தான் செய்வார். அன்று நான் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். பட்டி வாசலில் முளை அடித்து, சங்கிலியில் கட்டினேன். காவலுக்குக் குரைத்தால் போதும், ஓட வேண்டாம், உடம்பும் தேயாமல் இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் அழுதான், முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டான், அப்புறம் அடங்கிவிட்டான். முட்டை வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தான். முடி மினுமினுவென்று இருந்தது, முன்னைவிடச் சதை கூடப் போட்டிருந்தான். நீயும் போனில் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னாய். பெயின்ட் நன்றாக இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டான். உங்கள் ரெண்டு பேர் விஷயத்தில் நான் சொன்னேன்.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறி வேகிற நேரம். உங்கம்மா கொல்லைப் பக்கம் போனவள் அங்கிருந்தே கத்தினாள். "ஏனுங்க, நாயிங்க உளுந்துருச்சுங்க, சீக்கிரம் வாங்க." வேலி உடைந்த இடத்தில் ஐந்து தெருநாய்கள் உள்ளே வந்திருந்தன. ஆடுகள் வேம்பு நிழலிலிருந்து சிதறி நாலு பக்கமும் ஓடின. டீசல் சங்கிலியை இழுத்துக்கொண்டு எகிறினான். நான் கொக்கியைக் கழற்றிவிட்டேன்.

முதல் ஓட்டம் அப்படியே பழைய டீசல். அம்பு மாதிரி போனான். போய்ப் புகுந்து, ஆட்டைச் சேர்த்து, சுற்ற ஆரம்பித்துவிட்டான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பார்த்தாயா, ஒரே செல்ஃபுல ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேதான் தடியை எடுத்தேன். ஒரு சுற்று. அடுத்த சுற்றில் பின்னங்கால் இழுத்தது. அதற்கடுத்த சுற்றை அவன் முடிக்கவில்லை. நடுக்காட்டில் நாலு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு நின்றான். நாக்கு தரையைத் தொடுகிற மாதிரி தொங்கியது. ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. மூச்சு வாங்குகிற சத்தம் எனக்கு வேலி வரைக்கும் கேட்டது. அந்தத் தெருநாய்கள் அவனைக் கடிக்கவில்லை அம்மணி. கடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவன் பக்கத்திலேயே, அவனை உரசிக்கொண்டு, ஒரு கல்லைத் தாண்டிப் போகிற மாதிரி போய் ரெண்டு குட்டிகளை இழுத்தன. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். மறுபடி ஓடப் பார்த்தான். ரெண்டு எட்டு வைத்து விழுந்தான். எழுந்து, மறுபடி ரெண்டு எட்டு வைத்தான்.

தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் இருந்த தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றினேன். உங்கம்மா முறத்தால் விசிறினாள். பக்கத்துக் காட்டுக்காரர் குட்டியானை வண்டியை எடுத்து வந்தார், பின்னால் ஈரச் சாக்கில் கிடத்திக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு உன் வயதைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். டிரிப் போட்டார், காய்ச்சல் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவன் படுத்த இடத்திலேயே ஒன்றுக்குப் போனான். கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் அந்தம்மா முகம் மாறிவிட்டது.

"சதை உடைஞ்சு ரத்தத்துல கலந்திருக்குங்க. அது கிட்னி வழியாத்தான் வெளிய போகணும். கிட்னியை அடைச்சுரும். எத்தனை நாளா ஓடாம இருந்துச்சு?"

"மாசிக் கடைசியில இருந்துங்க. அதுக்கு முன்ன தெனமும் ஓடுன நாய்ங்க. அதனால ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"அதனாலதாங்க ஆச்சு" என்றார். "ஓடிப் பழகாத நாய் பாதியில நின்னுக்கும். முடியலைன்னு அதுக்குத் தெரியும். இதுக்கு மனசு பழைய மாதிரியே இருக்கு, உடம்பு இல்ல. நிக்கத் தெரியாது. வெயிலும் பழக்கம் விட்டுப் போயிருக்கு. சங்கிலியில கட்டினதை நேரா அவுத்து விட்டீங்ளா?"

நான் ஆமாங்க என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. உடம்பு மிச்சம் பிடித்து வைக்கிற சாமான் இல்லை, கேட்காததை அது வைத்துக்கொண்டிருக்காது, ஓட்டம் வேண்டாம் என்று நாம் சொன்ன சில வாரத்திலேயே அதற்காகக் கட்டியதையெல்லாம் பிரிக்க ஆரம்பித்துவிடும் என்று மட்டும் சொன்னார். ரத்தம் கொஞ்சமாகும், சதைக்குள் எரிக்கிற அடுப்புகள் அணையும், பாதம்கூட மெலிந்துவிடும். டிரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யார்டில் தார்ப்பாய் போட்ட லாரி ஞாபகம் வந்தது. அப்புறம் நீ ஞாபகத்துக்கு வந்தாய்.

அவன் பிழைத்துக்கொண்டான். உன்னிடம் வெயிலில் கொஞ்சம் சுருண்டுவிட்டான் என்று மட்டும் சொன்னேன். ஆடிக்கு உன்னை அழைத்து வந்தோம். மறுநாள் விடியலில் நீ வாசலில் நின்று அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவன் எழுந்த வேகத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே வந்தேன். அவனுக்காகத்தான் வந்தேன், உனக்காக இல்லை. நீ வேம்பு வரைக்கும் நடந்து, அங்கிருந்து ஓட ஆரம்பித்தாய். கரையில் பாதிகூடப் போகவில்லை. மதகு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றுவிட்டாய். அவனும் நின்றான். ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. சித்திரையில் காட்டுக்கு நடுவில் நான் கேட்ட அதே சத்தம். நீ அவன் தலையைத் தடவி, "கெழவனாயிட்டடா, நானும்தான்" என்று சிரித்தாய். திரும்பி வரும்போது என்னைப் பார்க்காமல், "இனி இது வேண்டாங்கப்பா. ஓடுனது ஞாபகத்துல நல்லாருக்கு, அப்படியே இருக்கட்டும்" என்றாய். நான் வண்டியை உருட்டிக்கொண்டே, "அதுஞ்சரி, இனி ஓடி என்ன பண்றது" என்றேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும் என்றால் என் கை ரெண்டையும் கொடுப்பேன்.

ஆடிப் பதினெட்டுக்கு உன்னைக் கூட்டிப் போக வந்த மாப்ளையிடம் நானே கேட்டேன். உங்க ஊட்டுல ஓட வேண்டாமுன்னு சொன்னாங்களா என்று நேராகக் கேட்டேன். சண்டை போடத் தயாராகத்தான் இருந்தேன். அவர் பாவம், தலையைச் சொறிந்தார். "நாங்க ஒண்ணும் சொல்லலீங்க மாமா. எங்கம்மாவே, வாய்க்கா கரையில காத்தாலைக்கு ஓடட்டும்னுதான் சொன்னாங்க. ஷூ ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். டப்பாவே பிரிக்கலைங்க. கேட்டா, பழைய டைமு கண்ணு முன்னால நிக்குது, அதுல பாதி தூரம் வரைக்குங்கூட இப்ப முடியாது, அசிங்கமா இருக்குங்கறா." பரமத்தி வேலூர் பஸ்ஸில் நீங்கள் ஏறிப் போன பிறகு, பஸ் ஸ்டாண்டில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். யாராவது தடுத்திருந்தால் அவர்களை ஒரு கை பார்த்திருப்பேன். உன்னை உன் பழைய ஓட்டமே தடுக்கிறது. டீசலை விழ வைத்ததும் அதுதான். அவன் பழைய ஓட்டத்தை ஓடப் பார்த்து விழுந்தான், நீ அது முடியாது என்று தெரிந்து உட்கார்ந்துவிட்டாய்.

அன்று சாயந்திரம் டாக்டரம்மாவிடம் போய், இவன் ஓட்டத்தை மறுபடி கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். நடக்க விடுங்கள், அதற்கு மேல் அவன் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்றார். மறுநாள் விடியலில் இருந்து ஆரம்பித்தேன். முதல் வாரம் வீட்டிலிருந்து வேம்பு வரைக்கும் நடை, அங்கிருந்து வீடு. அவ்வளவுதான். என்னைப் போல அவசரக்காரனுக்கு அது என்ன தண்டனை என்று உனக்குத் தெரியும். அவன் கயிற்றை இழுப்பான், கரையைப் பார்த்து அழுவான். அவனை ஓட வைப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். ஓட விடாமல் பிடித்துக்கொள்வதுதான் மொத்த வேலையும். சில நாள் கோபத்தில், போய்த் தொலை என்று கயிற்றை விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டேன். நாக்கின் நிறத்தைப் பார்த்தேன், ஒன்றுக்குப் போனால் நிறத்தைப் பார்த்தேன், திரும்பி வந்து மூச்சு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். உங்கம்மா, "எனக்குப் பிரசவம் ஆனப்பக்கூட இந்த மனுசன் இப்படிப் பார்த்ததில்ல" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

வந்தது அம்மணி. நம்ப மாட்டாய், வந்தது. முதல் தடவை அதைக் கட்ட உனக்கு எத்தனை காலம் ஆனதோ, அதில் பாதிகூட ஆகவில்லை. ஒரு தடவை கற்றுக்கொண்ட சதை வழியை மறப்பதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். தொடை மறுபடி கல் மாதிரி ஆனது. நாடி நிதானத்துக்கு வந்தது, நீ காட்டிக் கொடுத்த இடத்திலேயே விரலை வைத்துப் பார்த்தேன். புரட்டாசியில் ஒரு நாள் கரைமேல் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். தொங்கோட்டத்தில் கிளம்பினான். ஆடியில் நீங்கள் ரெண்டு பேரும் நின்ற இடம் வந்தது. நிற்கவில்லை. தாண்டி, மதகு வரைக்கும் போய், அங்கே நின்று திரும்பிப் பார்த்தான். நான் பாதிக் கரையில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன். உனக்குப் போன் போட்டேன். டீசல் மதகு வரைக்கும் ஓடிட்டான் என்று சொல்ல ஆரம்பித்தேன், ஓட்டம் என்றதுமே நீ, "அப்பா, அந்தப் பேச்சை உடுங்க" என்றாய். விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அவன் அதிகமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். முட்டையை முகர்ந்துவிட்டுப் போனான். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னி போய்க்கொண்டிருந்தது. ஓட விட்டதால் வந்ததா என்று டாக்டரம்மாவிடம் மூன்று தரம் கேட்டேன். இல்லை, சித்திரையில் பட்ட அடிதான் என்றார். சதை திரும்ப வளரும், ரத்தம் ஊறும், இருதயம் பழகிக்கொள்ளும், கிட்னியில் செத்தது செத்ததுதான், அது மட்டும் திரும்பாது. நான் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்துகொண்டிருந்த அத்தனை நாளும் அது உள்ளே தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கடைசி வாரம் அவனால் நடக்க முடியவில்லை. ஆனாலும் விடியலில் வாசலுக்கு ஊர்ந்து வந்து கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். தூக்கிக்கொண்டு போனேன். எலும்பும் தோலுமாக இருந்தான், கனமே இல்லை. மதகில் உட்கார வைத்தால் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்ப்பான். புதன்கிழமை போகும்போது என் தோளில் தலை வைத்திருந்தான், வரும்போது மூச்சு இல்லை. வேம்புக்கு அடியில் புதைத்திருக்கிறேன். மண்ணை மூடிவிட்டுக் கையை மோந்து பார்த்தேன். டீசல் வாசம் யார்டில் ஒட்டியதா, அவனுடையதா என்று தெரியவில்லை.

இப்போது உன் சங்கதி. எனக்கு இருபது வருஷமாக ஒரே வேலை, உடைந்ததைப் பார்த்து எது தேறும், எது தேறாது என்று சொல்வது. டீசலுக்குத் தேறாத ஒன்று உடைந்துவிட்டது, உடைத்தவன் நான், அதை நான் சாகிற வரைக்கும் சுமப்பேன். உன்னிடம் உடைந்தது எதுவும் தேறாதது இல்லை. மூச்சு போயிருக்கிறது, சதை போயிருக்கிறது, நேரம் போயிருக்கிறது. அத்தனையும் திரும்பி வருகிற சாமான். ஏழு வயதுக் கிழட்டு உடம்பில், பாதி கிட்னியோடு, அவன் அதைத் திருப்பிக் கொண்டுவந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். அந்தப் பழைய டைம் திரும்ப வருமா என்று எனக்குத் தெரியாது. வராமலும் போகலாம். அவனும் பழைய வேகத்தில் ஓடவில்லை. மதகில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவனுக்கு அதைப் பற்றிக் கவலை இருந்த மாதிரி தெரியவில்லை. ஷூ வேண்டாம் என்றால் டப்பாவிலேயே கிடக்கட்டும், மெடல் வேண்டாம், யாரும் பார்க்கவும் வேண்டாம். ஆனால் நான் சொன்னதைக் கேட்டு நீ நிறுத்திய ஒன்றை, நான் சொன்னது தப்பு என்று தெரிந்த பிறகும் நிறுத்தியே வைத்திருக்காதே சாமி. எதிர்த்துப் பேசு. வண்டிக்கு முன்னால் வந்து நில்.

வருகிற திங்கட்கிழமை விடியலில் வண்டியை எடுத்துக்கொண்டு பரமத்தி வேலூர் வந்து, உங்கள் வாய்க்கால் கரையில் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன், அன்றைக்கு லீவு. போன் போட மாட்டேன், வீட்டுக்கு வந்து கூப்பிடவும் மாட்டேன். வெயில் ஏறுகிற வரைக்கும் பார்த்துவிட்டு யார்டுக்குப் போய்விடுவேன், மறுநாள் மறுபடி வருவேன். நீ வந்தால் முதல் வாரம் வெறும் நடைதான், முதல் தென்னை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடலாம். உன்னை எனக்குத் தெரியும், ரெண்டாம் நாளே ஓடப் பார்ப்பாய். ஓட விட மாட்டேன். பிடித்துக்கொள்ள இப்போது எனக்குத் தெரியும்.

அப்பா